கொவா: அப்பாச்சிப் பெண்கள் வேய்ந்த வீடு – முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் தென்மேற்கைச் சேர்ந்த பழங்குடிகளான அப்பாச்சி மக்களின் வீட்டை எழுப்பியவர்கள் பெண்கள். கழி வெட்டுவது, குழி தோண்டுவது, வளைத்துக் கட்டுவது, புல் வேய்வது, மழை ஒழுகினால் பிரித்து மறுபடி வேய்வது எல்லாம் அவர்களுடைய பொறுப்பாக இருந்தது. உள்ளே எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்களே. இதை முதல் வரியிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. அப்பாச்சிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குதிரை மேல் துப்பாக்கியோடு இருக்கும் ஓர் ஆணிடம்தான் தொடங்குகிறது. அவன் பின்னால் தெரியும் வீட்டை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் புற்குவியல் என்று கடந்துபோகிறார்கள். அது குவியல் இல்லை. கணக்கு அறிந்து, மரம் அறிந்து, காற்று அறிந்து கட்டிய வீடு. அதை எப்படிக் கட்டினார்கள் என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

(ஈழத் தமிழருக்கு அப்பாச்சி என்றால் அப்பாவின் அம்மா. ஒலி ஒற்றுமை தற்செயல்தான். ஆனாலும் பெண்கள் எழுப்பும் வீட்டைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் மனத்தில் இனிமையாக ஒலிக்கிறது.)

முதலில் பெயர்கள்

அப்பாச்சி என்பது ஒரே ஊர்க்காரர்களின் பெயர் இல்லை. அரிசோனாவில் மேற்கு அப்பாச்சிகள் இருக்கிறார்கள். வைட் மவுண்டன், சான் கார்லோஸ், சிபெக்யூ, டோன்டோ என்பவை அவர்களின் பிரிவுகள். தென்கிழக்கு அரிசோனாவிலிருந்து நியூ மெக்சிகோ வழியாக மெக்சிகோவின் சொனோரா, சிவாவா மலைகள் வரை வாழ்ந்தவர்கள் சிரிகாவாக்கள். மெஸ்கலேரோ, ஹிகரியா மக்கள் நியூ மெக்சிகோவில் இருக்கிறார்கள். லிபான்கள் டெக்சாஸ் பக்கம், சமவெளி அப்பாச்சிகள் ஓக்லஹோமா பக்கம். எல்லாரும் வழிவழியாகப் பேசியது அதபாஸ்கன் குடும்ப மொழிகள். பக்கத்தில் வாழும் நவஹோக்களின் மொழியும் அதே குடும்பம்தான். அந்தக் குடும்பத்தின் மற்றக் கிளைகளில் பல வெகு வடக்கே அலாஸ்காவிலும் கனடாவிலும் இருக்கின்றன.

மேற்கு அப்பாச்சி மொழியில் வீட்டுக்குப் பெயர் கொவா. கட்டடத்தை மட்டும் குறிக்கும் சொல் இல்லை அது. குடும்பம் தங்கும் இடத்தையும் அது குறிக்கும். ஆங்கிலத்தில் இந்த வீட்டை விக்கியப் என்கிறார்கள். அந்தச் சொல் அப்பாச்சிகளுடையதே அல்ல. கிழக்கே பேரேரிகள் பகுதியைச் சேர்ந்த அல்கோன்குவின் மொழிகளிலிருந்து வந்தது. கூம்பு வடிவத் தோல்கூடாரத்தைக் குறிக்கும் டீபீ என்ற சொல்லும் இரவல்தான். அது லக்கோட்டா மொழிச் சொல். ஆகவே இந்தக் கட்டுரையில் கொவா என்றே எழுதுகிறேன்.

கூம்புக் கூடாரம் ஒன்றை வரைந்து "அப்பாச்சி வீடு" என்று எழுதுவது பாதிதான் சரி. சமவெளியில் பைசன் என்ற அமெரிக்க எருமையை வேட்டையாடிய லிபான்களும் ஹிகரியாக்களும் சமவெளி அப்பாச்சிகளும் எருமைத்தோல் டீபீயில் வாழ்ந்தார்கள். 1541-இல் கொரோனாடோவின் ஸ்பானியப் படை சமவெளியில் கண்ட கெரெச்சோ மக்கள், தோல் கூடாரங்களை நாய்களைக் கொண்டு இழுத்துச் சென்றார்கள். அவர்கள் அப்பாச்சிகளின் முன்னோர் என்றே ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். மெஸ்கலேரோக்களிடம் இரண்டும் உண்டு: சமவெளிக்கு இறங்கினால் டீபீ, மலைக்கு ஏறினால் புல்வீடு. மேற்கு அப்பாச்சிகளுக்கும் சிரிகாவாக்களுக்கும் முதன்மையான வீடு குவிமாட வடிவப் புல்வீடுதான். கீழே வரும் அளவுகளும் முறையும் சிரிகாவாக்களுடையவை. 1930-களில் மானுடவியலாளர்கள் அவர்களின் மூத்தவர்களிடம் கேட்டு விரிவாகக் குறித்துக்கொண்டவை.

படி 1: இடம் பார்ப்பது

தண்ணீர் அருகே வேண்டும். ஆனால் தண்ணீர்க் கரையிலேயே வீடு கட்டக் கூடாது. சுனைக்கு மான் வரும், எதிரியும் வருவான். அதனால் சற்றுத் தள்ளி, மேட்டில் இடம் தேடினார்கள். தண்ணீரைத் தூஸ் என்ற குடுவையில் சுமந்து வந்தார்கள். பின்னிய கூடைக்கு உள்ளும் புறமும் பின்யோன் பைன் மரத்துப் பிசினை உருக்கிப் பூசிய குடுவை அது. மண்பானை போல உடையாது. இடம்பெயரும் மக்களுக்கு அதைவிட நல்ல குடம் இருக்க முடியாது.

வறண்ட ஓடைப் படுகையில் கட்டவே கூடாது. அரிசோனாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் கோடை மழையை அங்கேயும் மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள். எங்கோ மலையில் பெய்த மழை, மேகமே இல்லாத இடத்தில் ஓடையில் வெள்ளமாக வந்து நிற்கும்.

பக்கத்து வீடுகளையும் பார்க்க வேண்டும். மணமானதும் கணவன் மனைவியின் வீட்டாரோடு வந்து சேர்ந்தான். தாயின் வீட்டைச் சுற்றி மகள்களின் வீடுகள் எழும்பின. மருமகனும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அது பகை இல்லை, மரியாதை. ஆகவே வீடுகளுக்கு நடுவில் அந்த மரியாதைக்கு வேண்டிய இடைவெளி இருக்க வேண்டும்.

வாசல் எந்தத் திசை? நவஹோக்களின் வீடான ஹோகன் கிழக்கு நோக்கும். அதைப் படித்தவர்கள் அப்பாச்சி வீட்டுக்கும் அதையே சொல்லிவிடுகிறார்கள். சிரிகாவா வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எந்தப் பக்கமும் வாசல் வைக்கலாம்.

படி 2: பொருள் சேர்ப்பது

மூன்று பொருள்கள் வேண்டும்: கழி, நார், புல்.

கழிக்கு ஓக் அல்லது வில்லோ. பச்சையாக இருக்க வேண்டும். காய்ந்த கழி வளையும்போது முறியும். பச்சைக் கழி வளைந்து கொடுக்கும், பிறகு வளைந்தபடியே காய்ந்து இறுகும். வீடு கட்டியவர்களின் கைக்குப் பிறகு வெயில்தான் அதை முடித்துத் தருகிறது.

எத்தனை கழி என்று கணக்குப் போடலாம். வீட்டின் விட்டம் ஏறத்தாழ 8 அடி, நடு உயரம் 7 அடி. சுற்றளவு 25 அடி வருகிறது. அடிக்கு ஒரு கழி வீதம் நட்டார்கள். வாசலுக்கு இரண்டு, மூன்று அடி விட்டால் இருபத்திரண்டு, இருபத்து மூன்று கழிகள். தரையிலிருந்து உச்சி வரை வளைவின் நீளம் ஒன்பது அடிக்குச் சற்றே குறைவு. மண்ணுக்குள் ஓர் அடி, உச்சியில் கட்டுவதற்கு ஓர் அடி என்று சேர்த்தால் ஒவ்வொரு கழியும் பதினோரு அடி இருக்க வேண்டும். (இந்த நீளக் கணக்கு நான் போட்டது. அவர்களுக்குக் கண்ணும் கையுமே போதும்.)

நாருக்கு யுக்கா. கற்றாழைக்கு உறவான செடி. வாள்போல் நீண்ட இலை, நுனியில் ஊசி முள். அந்த முள்ளை நாரோடு சேர்த்து உரித்தால் நூல் கோத்த ஊசியே கையில் கிடைத்துவிடும். கட்டுவதற்கோ முள்ளை நறுக்கிவிட்டு, இலையைத் தணலில் வாட்ட வேண்டும். விறைப்பான இலை துவண்டு தோல்வார் போல ஆகும். அதை நீளவாக்கில் கிழித்தால் ஒரு விரல் அகலக் கட்டுநார். ஈரத்தோடு இறுக்கிக் கட்டினால் காயக் காய முடிச்சு மேலும் இறுகும்.

கூரைக்கு ஆளுயரம் வளரும் ப்ளூஸ்டெம் புல் அல்லது கரடிப்புல் என்று அங்கே அழைக்கப்படும் நோலினா. பின்னதைப் புல் என்கிறார்களே தவிர, அதுவும் யுக்காவின் குடும்பம்தான். ஒல்லியான, நீளமான, நார் மிகுந்த இலைகள். எளிதில் மக்காது.

நம் ஊர் வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழையின் பூர்வீகமும் அந்தப் பக்கத்து நிலம்தான். அதன் உறவுச் செடிகளின் நடுக்கிழங்கைக் குழியில் சுட்டு உண்டவர்கள் அப்பாச்சிகள். அந்த மெஸ்கல் உணவிலிருந்தே மெஸ்கலேரோ என்ற பெயர் வந்தது. நாரை உரித்துப் பார்த்த தமிழ்க் கைகளுக்கு யுக்கா நார் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படி 3: வட்டமும் குழிகளும்

தரையைத் துப்புரவாக்கிக் கல் பொறுக்கி, வட்டம் குறிக்க வேண்டும். தரையைத் தோண்டி இறக்குவதில்லை. வெளியே உள்ள மட்டமே உள்ளேயும். தோண்டுகோலால், அடிக்கு ஒன்றாகக் குழி போட வேண்டும். மண் இளகியிருந்தால் கழியை நேராகவே குத்தி இறக்கலாம். வாசல் இடத்தை இப்போதே விட்டுவிட வேண்டும். பிறகு கழியைப் பிடுங்கி வாசல் வைத்தால் சட்டத்தின் பிடிப்புத் தளர்ந்துபோகும்.

படி 4: வளைத்துக் கட்டுவது

இதுதான் வீட்டின் உயிர்.

வட்டத்தில் எதிரெதிராக இருக்கும் இரண்டு கழிகளை ஒரே நேரத்தில் வளைத்து உச்சியில் சந்திக்க வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வளைத்துவிட்டு மறுபக்கம் போனால் முதல் கழி நிமிர்ந்துவிடும், அல்லது அடியோடு சாயும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்தால் வேலை எளிது. முதல் சோடியைக் கட்டியதும் அதற்குக் குறுக்காக அடுத்த சோடி. இந்த நான்கும் நின்றுவிட்டால் மற்றவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து சேரும்.

ஒரு கழி தனியாக நின்றால் நிமிரத் துடிக்கும். எதிர்க் கழியும் நிமிரத் துடிக்கும். இரண்டையும் பிணைத்துவிட்டால் அந்தத் துடிப்பே ஒன்றை ஒன்று தாங்கும் வலுவாக மாறுகிறது. ஆணி இல்லை, நடுத்தூண் இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மோதி நிற்க ஒரு தட்டையான சுவர் கிடைப்பதில்லை. வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

கூரை வேய்வதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த வேலை தெரிந்ததே: வரிச்சு கட்டுவது. மெல்லிய கழிகளைச் சட்டத்தைச் சுற்றிப் படுக்கைவாட்டில் வரிசையாகப் பிணைத்தால் கூடு இறுகும். புற்கற்றைகளைக் கட்டவும் பிடி கிடைக்கும்.

படி 5: வேய்வது

கீழிருந்து மேலே. உலகில் எந்த வேய்ந்த கூரைக்கும் இதுவே விதி, இங்கேயும் அதுவே. கைப்பிடியளவு புல்லை எடுத்துக் கற்றையாக்கி, தரையை ஒட்டிய வரிசையை யுக்கா நாரால் வரிச்சோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அடுத்த வரிசை முதல் வரிசையின் கட்டு மறையும்படி அதன்மேல் இறங்கி நிற்க வேண்டும். கட்டு வெளியே தெரிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். ஓடு மாட்டுவது போல, மேல் வரிசையில் விழுந்த துளி கீழ் வரிசையின் முதுகில் இறங்கித் தரைக்குப் போக வேண்டும்.

உச்சிக்குப் போகப் போகச் சாய்வு குறைகிறது. தண்ணீர் ஓடும் வேகமும் குறைகிறது. ஆகவே அங்கே புல் தடிப்பாக இருக்க வேண்டும்.

படி 6: புகைவாய், கதவு, மேற்போர்வை

உச்சியில் புகை வெளியேற ஒரு வாய், நேர் கீழே அடுப்பு. வாசலில் குறுக்குக் கழி ஒன்றைக் கட்டி, அதில் தோலைத் தொங்கவிட வேண்டும். முன்னும் பின்னும் ஆடும் கதவு அதுவே. மழைக்காலத்தில் புல்லுக்கு மேல் தோல்களைப் போர்த்தினார்கள். தீ வேண்டாத நாளில் புகைவாயையும் மூடிவிடலாம். வெயில் காலத்தில் நேர்மாறு: வேய்ந்ததில் பெரும்பகுதியைக் களைந்துவிட்டால் காற்று தாராளமாக உள்ளே வரும். நாம் சன்னல் திறக்கிறோம், அவர்கள் சுவரையே திறந்தார்கள்.

உறுதியான வீடு ஒன்றுக்கு முதல் குழி முதல் மேற்போர்வை வரை சுமார் மூன்று நாள். பெரும்பனி பெய்தாலும் உள்ளே கதகதப்பாக இருக்கும் என்பது அதில் வளர்ந்தவர்களின் சாட்சி. அதில் வியப்பில்லை. 50 சதுர அடி வட்டத்தின் நடுவில் சிறு தீ இருந்தால், யாரும் அதிலிருந்து நான்கு அடிக்கு மேல் விலகியிருக்க முடியாது.

படி 7: உள்ளே

சுவரை ஒட்டிப் புதர்க்கிளைகளைப் பரப்பி, மேலே புல், அதற்கு மேல் தோல்விரிப்பு. அதுவே படுக்கை. புல் காய்ந்து நொறுங்கினால் மாற்றுவது வீட்டுப் பெண்ணின் வேலை. சுமைக்கூடை, தூஸ், தோல்பைகள். பொருள் குறைவு என்பது வறுமை இல்லை. இவற்றைச் சுமந்து ஒரு நாளில் மலை கடக்க முடிய வேண்டும் என்ற தெளிவு.

படி 8: நிழற்பந்தல்

கோடையில் சமையலும் கூடை பின்னுதலும் வெளியே நடக்கும். நான்கு கால் நட்டு, மேலே கிளை பரப்பிய தட்டைப் பந்தல் போதும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த பந்தல்தான் அது.

விட்டுப்போவது எப்படி

இந்த வீட்டின் வழிகாட்டியில் இதுவும் ஒரு படி. மேற்கு அப்பாச்சிகள் வசந்தத்தில் சோளம் விதைக்க மலைப் பள்ளத்தாக்குக்கு வருவார்கள், குளிர் வந்ததும் தாழ்ந்த இடங்களுக்கு இறங்குவார்கள். போகும்போது சட்டத்தை அப்படியே விட்டுவிடலாம், திரும்பி வந்தால் புதுப்புல் வேயலாம். தோலை மட்டும் சுருட்டிக்கொண்டால் போதும். எந்நேரமும் நகர வேண்டிய காலத்தில் இவ்வளவு உழைப்புக்கு நேரம் இல்லை. அப்போது கிளைகளைக் கூம்பாகச் சாய்த்து அவசரக் குடில் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் ஒருவர் இறந்தால் அங்கே மறுபடி வாழ மாட்டார்கள். வீட்டையும் இறந்தவரின் உடைமைகளையும் எரித்துவிட்டு, குடும்பம் வேறிடம் பெயரும். இறந்தவரின் பெயரையும் சொல்லாமல் தவிர்ப்பார்கள். துக்கம் அந்தச் சுவருக்குள் தங்கிவிடக் கூடாது.

வேறொரு தீயும் இருந்தது. 1871 ஏப்ரல் 30 விடியற்காலையில், அரிசோனாவின் கேம்ப் கிரான்ட் படைமுகாம் அருகே, ராணுவப் பாதுகாப்பை நம்பித் தங்கியிருந்த அரவைபா, பினல் அப்பாச்சிகளின் குடியிருப்பை டூசானிலிருந்து வந்த கும்பல் தாக்கியது. நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உதவிக்குப் போனவர்கள் கண்டது எரிந்துகொண்டிருந்த வீடுகளை. தம் துக்கத்துக்குத் தாமே தீ வைக்கும் மக்களின் வீடுகளுக்கு மற்றவர்கள் வைத்த தீ அது. இந்த நிகழ்வைச் சொல்லாமல் கழி நடுவதையும் நார் கட்டுவதையும் மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

1872-இல், அப்பாச்சிகளைக் குடியமர்த்த அரசு ஒதுக்கிய சான் கார்லோஸ் ஒதுக்கீட்டு நிலம் அமைந்தது. 1886 செப்டம்பரில் சிரிகாவாப் போர்த்தலைவர் ஜெரோனிமோ அமெரிக்கப் படையிடம் சரணடைந்த பின், சிரிகாவாக்கள் போர்க்கைதிகளாக ஃபுளோரிடாவுக்கும் அங்கிருந்து அலபாமாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். 1894-இல் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். யுக்காவும் கரடிப்புல்லும் வளர்ந்த மலை கைக்கெட்டாமல் போனது. ஒதுக்கீட்டு நிலங்களில் தோலின் இடத்தைக் கான்வாஸ் துணி பிடித்தது. 1900-களின் தொடக்கத்தில் எடுத்த படங்களில், புல்லுக்கு மேல் கான்வாஸ் போர்த்திய கொவாக்களைக் காணலாம். போர்வைதான் மாறியது. அடியில் அதே வளைந்த கழிகள்.

இன்று அப்பாச்சிகள் மரவீடுகளிலும் செங்கல் வீடுகளிலும் வாழ்கிறார்கள். ஆனால் பெண் பருவமெய்தும் சடங்குக்கு உறவினர் கூடும்போது, கிளைப் பந்தல்களும் புதர்க்குடில்களும் மறுபடி எழும்புகின்றன. மெஸ்கலேரோவில் ஜூலைத் தொடக்கத்தில் நடக்கும் விழாவுக்குப் பன்னிரண்டு கழிகளால் பெரிய சடங்கு டீபீ எழுப்புகிறார்கள். அதன் வாசல் கிழக்கே பார்க்கும். அதை எழுப்புவது ஆண்கள், பாடகர்கள் பாட்டிசைக்க. அரிசோனாவின் ஃபோர்ட் அப்பாச்சியில் வைட் மவுண்டன் மக்கள் நடத்தும் அருங்காட்சியகத்தின் பெயர் நொவிகெ பாகொவா, அதாவது நம் காலடிகளின் வீடு. அந்தப் பெயருக்குள் கொவா இருக்கிறது.

நீங்கள் செய்து பார்க்க விரும்பினால்

பள்ளிப் பிள்ளைகளோடு ஆறில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்யலாம். வட்டத்தின் விட்டம் 16 அங்குலம், உயரம் 14 அங்குலம், இரண்டு அங்குலத்துக்கு ஒரு குச்சி. குச்சி 22 அங்குல நீளம், பச்சையாக, பென்சிலைவிட மெல்லியதாக இருக்கட்டும். வளையும் எந்தச் செடியும் சரி. ஈர மணல் நிரப்பிய தட்டில் நடுங்கள். நார்க் கட்டுக்கு வாழைநார் போதும், வேய வைக்கோல் போதும்.

சடங்கு டீபீயையும், சூட்டில் வியர்த்துத் தூய்மை பெறும் வியர்வைக் குடிலையும் மாதிரியாகச் செய்ய வேண்டாம். அவை அவர்களுக்கு வழிபாட்டு இடங்கள். இறகுக் கிரீடமும் வேண்டாம்.

பிள்ளைகள் முதலில் தவறு செய்யும் இடம் நான்காம் படி: ஒரே பக்கக் குச்சிகளை வரிசையாக வளைப்பார்கள், வீடு சாயும். சாயட்டும். எதிர்ச் சோடியாகக் கட்டச் சொல்லி மறுபடி தொடங்குங்கள். வேய்ந்து முடித்ததும் உள்ளே ஒரு காகிதத்தை வைத்து, பூவாளியால் மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். காகிதம் எங்கே நனைந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலே உள்ள வரிசையைப் பிரித்து, கட்டு மறையும்படி மறுபடி வேயுங்கள்.